தங்கை போட்ட பாட்டில் அப்பாவின் குரல்

கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் இருந்த பெரியப்பா மகன் தன் கைப்பேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, "இது என்னன்னு கேளு தாயி" என்றார். முதலில் இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். பிறகு நூற்பாலைக்குள் நுழைந்தது போல ஒரே சீராக ஓடும் இயந்திர இரைச்சல். அதன்மேல் நெஞ்சில் வந்து இடிக்கிற தாளம். யாரோ பையன்கள் ஆடுவதற்குப் போட்ட பாட்டு என்று நினைத்து மறுபடி இலையைப் பார்த்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல் வந்தது. "கத்தி படக் கூடாது. நான் பாத்துக்கிறேன்." தாளம் அந்தக் குரலைக் கவ்விக்கொண்டது. நான் பாத்துக்கிறேன், நான் பாத்துக்கிறேன், பாத்துக்கிறேன், பாத்து, பாத்து, பாத்து என்று நறுக்கி நறுக்கிப் போட்டு, கடைசியில் அது பேச்சாகவே இல்லாமல் கொட்டுச் சத்தமாகிவிட்டது. எங்கள் அப்பாவின் குரல். பெரியப்பா மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒந் தங்கச்சி பேருதான் கீழ போட்டிருக்கு. குலசாமிய வச்சு டான்ஸ் பாட்டு போட்ருக்கா. பங்காளி வீடு பூராம் கேட்டாச்சு" என்றார். நான் எழுந்து கை கழுவப் போனேன். குழாயடியில் வெகுநேரம் நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. இனி இருபக்கமும் நான்தான் பேச வேண்டியிருக்கும் என்கிற அலுப்புத்தான் முதலில் வந்தது.

அப்பாவுக்குக் கூடலூரில் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே குனிந்தே நடந்து நடந்து, நிமிர்ந்து நிற்கும்போதும் சற்றுக் குனிந்தே இருப்பார். வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வருகிற ஆள். வீட்டில் அம்மா சத்தம் போட்டால் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அதே மனிதர் மாசித் திருவிழாவில் குலசாமி கோயிலில் கருப்பசாமிக்கு ஆடுவார். உறுமி கொட்டத் தொடங்கியதும் அவருடைய கால் பெருவிரல் மண்ணை நோண்டும். பிறகு முழங்கால், பிறகு தோள். அரிவாளைக் கையில் கொடுத்ததும் அவர் எங்கள் அப்பா இல்லை. அவருக்கு மூத்தவர்கள்கூடக் கைகட்டி நிற்பார்கள். யாருக்குப் பெண் கொடுக்கலாம், எந்தக் கிணற்றில் தண்ணீர் ஊறும், வழக்கு என்னவாகும் என்று கேட்பார்கள். ஒவ்வொரு வாக்கையும் பலமுறை திருப்பிச் சொல்வார். சாமி மலையேறியதும் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, தூக்கத்திலிருந்து எழுந்தவர் போலச் சுற்றிலும் பார்ப்பார். என்ன சொன்னோம் என்று அவர் கேட்கவும் மாட்டார். யாரும் அவரிடம் சொல்லவும் மாட்டார்கள். அது வழக்கம். எங்கள் இருவருக்கும் சிறுவயதில் அதைப் பார்க்கப் பயம். தங்கை என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் மடியில் உட்கார இரண்டு நாள் யோசிப்பாள்.

தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. அம்மா அதை யாரிடமும் சொல்லாமல் ஒரு அறுவடையைக் கடத்திவிட்டாள். தேனியில் காட்டியபோது, மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அப்பாவும் சரி என்றுதான் சொன்னார். இடையில் மாசித் திருவிழா வந்தது. நல்ல வெயிலில், கோயிலைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடிக்க, அம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஈரச் சேலையோடு போய்ச் சாமி முன்னால் நின்றாள். தன் புருஷன் முன்னால்தான் நின்றாள். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அவர் புருஷன் இல்லை. "போகவா வேண்டாமா, நீதான் சொல்லணும்" என்று கேட்டாள். அப்பா அவள் நெற்றியில் திருநீற்றை அப்பினார். "கத்தி படக் கூடாது. நான் பாத்துக்கிறேன்" என்றார். வழக்கம்போலத் திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டம் குலவையிட்டது. அம்மாவின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அந்த வருஷத் திருவிழாவை வீடியோ எடுத்திருந்தார்கள். பங்காளி வீடுகள் எல்லாவற்றிலும் அதன் சி.டி. இருந்தது.

மறுநாள் காலையில் அடுப்படியில் நடந்ததைத்தான் நானும் தங்கையும் மறக்கவில்லை. அப்பா வாசல்படியில் நின்றுகொண்டு, "வார வெள்ளிக்கெழம மதுரைக்குக் கெளம்புவோம். கார் சொல்லிருக்கேன்" என்றார். அம்மா திரும்பிப் பார்க்காமல், "வேணாம்னு வாக்கு வந்துருச்சுல்ல" என்றாள். அப்பா படியைவிட்டு இறங்கவில்லை. "டாக்டரம்மா சீக்கிரம் வரச் சொன்னாகல்ல" என்று மறுபடி மெதுவாகச் சொன்னார். அம்மா அப்போதுதான் திரும்பினாள். அவள் முகத்தில் கேலியோ கோபமோ இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"நீங்க சொல்றதக் கேக்கவா, சாமி சொன்னதக் கேக்கவா?"

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த மாசி வருவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊரில் யாரும் சாமியைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். அப்பா அதற்கடுத்த வருஷமும் ஆடினார். தங்கை அன்றைக்குக் கோயிலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு என்றைக்கும் வரவில்லை.

நான் அல்லிநகரத்தில் வாழ்க்கைப்பட்டேன். அலுவலக வேலை, பிள்ளைகள், மாமியார், வாரம் ஒருமுறை பஸ் பிடித்துக் கூடலூர் போய் அப்பாவுக்கு ஆக்கிவைத்துவிட்டு வருவது என்று என் வருஷங்கள் ஓடின. தங்கை ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் கொஞ்சகாலம் இருந்தாள். அங்கேதான் அவளுக்குக் காது மாறியது என்று சொல்வாள். எல்லோரும் பஞ்சை அடைத்துக்கொள்கிற இடத்தில் அவள் சத்தத்தை உற்றுக்கேட்டிருக்கிறாள். பிறகு பெங்களூருக்குப் போய், விளம்பரங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலையில் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் மரியாதையாகவே மாட்டேன் என்றாள். அப்பாவோடு போனில் பேசமாட்டாள். "அப்பா மாத்திரை போடுறாகளா?" என்று என்னிடம் கேட்பாள். "சின்னவ சாப்புடுறாளா?" என்று அவர் என்னிடம் கேட்பார். ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொஞ்சம் இதமாக்கிச் சொல்வது என் பொறுப்பாக இருந்தது.

ஒருமுறை அவள் அறைக்குப் போய்த் தங்கியிருந்தபோது அவள் விரும்பிக் கேட்கிற இசையைப் போட்டுக் காட்டினாள். நாங்கள் பிறப்பதற்கு முன்பு, எங்கோ மேல்நாட்டுத் தொழிற்சாலை ஊர்களில் பையன்கள் சேர்ந்து செய்தது என்றாள். தகரத்தைத் தட்டியும் இரும்பை அறுத்தும் எடுத்த சத்தங்கள். அவற்றோடு அந்தக் காலத்துத் தாளக் கருவி, களைக்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அது ரைஸ்மில்லில் பெல்ட் ஓடுவது போல இருந்தது. நடுவில் ஒரு பாதிரியார் ஆவேசமாகப் பிரசங்கம் செய்கிறார். நரகம் என்கிற ஒரு வார்த்தையில் அவரைப் பிடித்து நிறுத்தி, அதையே திருப்பித் திருப்பிச் சொல்லவைக்கிறார்கள். கேட்கக் கேட்க அந்த மனிதர் கூண்டில் அடைபட்டவர் போலத் தோன்றினார். இன்னொரு பாட்டில் தேவாலயத்துக் கூட்டுப்பாடலின் ஒரு வரியைச் சுத்தியல் அடிக்கு நடுவே செருகியிருந்தார்கள். அந்த இசைத்தட்டின் அட்டைப்படத்தில், பல்சக்கரத்தில் சிலுவையை மாட்டியிருந்தார்கள். இதற்கெல்லாம் கூட்டம் கூட்டமாக ஆடினார்களாம்.

"சாமி கும்புடுறவக கேட்டா வருத்தப்பட மாட்டாகளா?" என்று கேட்டேன்.

"வருத்தப்படட்டும்னுதான் போட்டது" என்று சிரித்தாள். கொஞ்சநேரம் கழித்து, "ஆனா அக்கா, இதுல பல பேர சின்னதுல கோயிலுக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பாக. ஒரு கொரலக் கேட்டு நடுங்கியிருப்பான். அந்தக் கொரல எடுத்து நூறு தடவ சொல்லவச்சா அது வெறும் சத்தமாயிரும். அப்புறம் அதுக்கு ஆடலாம். பயம் போயிரும்" என்றாள்.

"போயிருச்சா?"

"அவுங்களுக்கு என்னன்னு தெரியல" என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "நம்ம அப்பாவே சொன்னதயே சொல்லிச் சொல்லி, லூப்புலதான பேசுவாக" என்றாள். நான் அதைக் கேலி என்று நினைத்துக்கொண்டேன். சுமந்து திரிகிற எதையோ இறக்கி வைக்க அவள் இடம் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது கல்யாண மண்டபத்தில்தான் எனக்குப் புரிந்தது. கடவுளைத் திட்டுகிறவர்களைப் பற்றி அதன்பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். உண்மையிலேயே விலகிப்போனவர்கள் திட்டுவதில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. வாசலிலேயே நிற்கிறவர்கள்தான் கல்லெறிகிறார்கள்.

மண்டபத்தில் பாட்டைக் கேட்ட சில நாட்களில் அப்பா பஸ் ஏறி அல்லிநகரத்துக்கு வந்தார். சொல்லாமல் வருகிறவர் இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். ஊரே அவரிடம் பாட்டைப் பற்றிப் பேசியிருந்தது. ஒருவர்கூடப் போட்டுக் காட்டவில்லை. என் கணவர் நிலைமையைப் புரிந்துகொண்டு கடைக்குப் போவதாக வெளியே போனார். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "போடு ஆத்தா, கேப்போம்" என்றார். நான் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். "கூட்டு" என்றார். பாட்டு முழுவதும் தலையைக் குனிந்து, முழங்காலில் கை வைத்துக் கேட்டார். முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். அவருக்காகப் போட்ட டீ ஆடை படிந்து ஆறிப்போனது.

"இது சாமி கொரலு இல்லையே ஆத்தா" என்றார். "ஏங் கொரலுல்ல."

"ஒங்க ஒடம்புலதானப்பா சாமி வருது. ஒங்க கொரலாத்தான இருக்கும்?"

"அப்பிடி இல்ல. சாமி வந்தா வயித்துல இருந்து பேசும். இது தொண்டையில இருந்து வருது. பயந்தவன் பேசுற பேச்சு." அவர் கைகள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. "அந்த வாரந்தான் நம்ம பக்கத்துத் தோட்டத்துக்காரன் பொண்டாட்டிய ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி, வேன்ல பொணமாக் கொண்டுவந்தாக. எறக்கி வச்சதுல நானும் ஒரு கை புடிச்சேன். ஒங்கம்மாவ அப்பிடி எறக்கணுமோன்னு இருந்துச்சு."

"அன்னைக்கே தெரியுமாப்பா, சாமி இல்லன்னு?"

இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட கடினமான கேள்வி அதுதான். அவர் ஆறிப்போன டீயை ஆடையோடு எடுத்துக் குடித்தார். சொல்ல விருப்பமில்லையா, அவருக்கே தெரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "பங்காளிக கூடுறாக. நீயும் வா ஆத்தா" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் கோயில் முன்னால் தகரக் கொட்டகையில் நடந்தது. பெரியப்பாதான் பெரியவராக உட்கார்ந்திருந்தார். பாட்டை எடுக்க வேண்டும், தங்கை நேரில் வந்து சன்னிதியில் விழ வேண்டும், கெடா வெட்டிச் சாமியைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று முடிவு ஏற்கெனவே ஆகியிருந்தது. எங்களுக்குச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா எழுந்து நின்றார். அரிவாள் இல்லாமல், கொட்டு இல்லாமல் அவர் அங்கே பேசி நான் பார்த்ததில்லை.

"சின்னவ சாமிய ஒண்ணும் சொல்லல. அந்த வாக்கு சாமி சொன்னதில்ல, நான் சொன்னது. பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பயந்துக்கிட்டுச் சொன்னது" என்றார்.

பெரியப்பா, "ஒனக்கு மனசு சரியில்லப்பா, ஒக்காரு" என்றார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். அப்பாவுக்கு மதினி முறை. மகளைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்தவர். அந்தப் பெண் பாதி நாள் அழுதுகொண்டு தாய்வீட்டில்தான் இருப்பாள். அவர் சத்தம் போடவில்லை. "எம் மகள அந்த வீட்டுக்குக் குடுன்னு இங்கன வச்சுத்தான் சொன்னீக. அது யாரு சொன்னது? சாமியா, நீங்களா?" என்று கேட்டார்.

அப்பா அவரையே பார்த்தார். "தெரியல மதினி" என்றார்.

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகுதான் சத்தம் கிளம்பியது. கிணறு வெட்டியவர்கள், நிலம் விற்றவர்கள், பிள்ளையைப் படிக்க அனுப்பாமல் நிறுத்தியவர்கள் என்று ஒவ்வொருவரும் எதையோ நினைத்துக்கொண்டார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் நின்றபடியே இருந்தார். கடைசியில் பெரியப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மகள் செய்த பாவத்தால் சாமி இவனைவிட்டுப் போய்விட்டது, அதனால்தான் புத்தி தடுமாறிப் பேசுகிறான் என்றார். முன்பு வந்த வாக்கெல்லாம் சாமியின் வாக்குதான், இனி வேறு ஆள் ஆடட்டும். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அந்த மதினியைத் தவிர எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று மாலை தங்கைக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றையும் இதமாக்காமல் சொன்னேன். இதமாக்க என்னிடம் தெம்பு இல்லை.

"இத அன்னைக்கு அடுப்படியில ஒரு வார்த்த அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"அவுகள அப்பிடி நிக்கவைக்கணும்னுதான் நெனச்சேன். இப்ப நின்னுட்டாகன்னு சொல்ற. எனக்கு ஒண்ணுமே தோணலக்கா." பாட்டை எடுத்துவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன். "எடுத்தா மட்டும்? இருக்கட்டும்" என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு ஆடுறாகளா?" என்றார். ஆடுகிறார்களாம் என்று சொன்னேன். "ம்" என்றார். அவர் சிரித்தாரா என்று சொல்ல முடியாது.

பாட்டு இன்னும் இருக்கிறது. புதிதாக யாரும் அனுப்புவதில்லை. ஊருக்கு வேறு பேச்சுகள் வந்துவிட்டன. பெண்ணைச் சின்னமனூரில் கொடுத்த அந்த அம்மாள் மகளை நிரந்தரமாக அழைத்துவந்து வைத்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்தால் பேசுவதில்லை. அப்பா ஒரு வருஷத்தில் பத்து வருஷம் மூத்துவிட்டார். பந்தலில் பாதியைக் குத்தகைக்கு விட்டாயிற்று.

இந்த மாசிக்கு, யாரும் எதிர்பார்க்காமல், தங்கை வந்தாள். அப்பாவும் அவளும் தோட்டத்து மோட்டார் பற்றி, பஸ் கூட்டம் பற்றி, வெயில் பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் மன்னித்த மாதிரித் தெரியவில்லை. அலுத்துப்போனவர்கள் பேசுகிற மாதிரி இருந்தது. "கோயிலுக்குப் போவமா?" என்று அப்பாதான் கேட்டார். மூவரும் போய்க் கூட்டத்துக்கு வெளியே, சாமான் ஏற்றிவந்த டிராக்டர் ஓரமாக நின்றோம். சிலர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உள்ளே சாமியாட நின்றிருந்தவர், பந்தியில் எனக்குப் பாட்டைப் போட்டுக் காட்டிய பெரியப்பா மகன்தான்.

உறுமி தொடங்கியது. நான் எதேச்சையாகக் கீழே பார்த்தேன். அப்பாவின் பெருவிரல் மண்ணை நோண்டிக்கொண்டிருந்தது. அவர் டிராக்டரின் இரும்பை எட்டிப் பிடித்தார். முழங்கால் நடுங்கத் தொடங்கியது. முன்பெல்லாம் அந்த நடுக்கத்தைக் கண்டதும் ஆட்கள் ஓடிவந்து இடம்விட்டு, அரிவாளை எடுத்துக் கொடுப்பார்கள். அன்று பக்கத்தில் நின்ற இருவர் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். அப்பாவின் கண்ணில் நான் அதுவரை பார்க்காத பயம். என்னைத் தாண்டிக் கையை நீட்டினார்.

"சின்னவளே, புடிச்சுக்க. விட்றாத."

தங்கை அசையாமல் நின்றாள். எந்த உடம்பு ஆடுவதைப் பார்த்துச் சிறுவயதில் ஒளிந்தாளோ, அதே உடம்பு. பிறகு பின்னாலிருந்து இரு கைகளாலும் அவர் நெஞ்சைக் கட்டிக்கொண்டாள். அவள் சிறிய உருவம். கொட்டு ஏற ஏற அவர் உடம்பு துள்ளியது; அவளும் சேர்ந்து துள்ளினாள். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு பிடியை விடாமல் நின்றாள். நான் போய் ஒரு தோளைப் பிடிக்கப் பார்த்தேன். "நீ இரு அக்கா" என்றாள்.

நான் டிராக்டரின் சக்கரத்தில் சாய்ந்து, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால்கள் அவ்வளவு கடுத்தன. தங்கை அவர் காதோடு வாயை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் தலையசைத்துக்கொண்டே இருந்தார். கொட்டுச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கேட்டு யாருக்கும் போய்ச் சொல்ல வேண்டிய வேலையும் அன்று எனக்கு இருக்கவில்லை.